112-இல் 7: விபத்துக்குப் பிந்தைய நாள்களின் கணக்கு

தொடை எலும்பு முறிந்த ஒருவர், பெரிய சிக்கல் எதுவும் நேராவிட்டால், மீண்டும் காலில் முழு எடை வைத்து நடக்க 12 முதல் 16 வாரம் ஆகும். மேல் எல்லையை எடுத்துக்கொண்டால் 112 நாள். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்காக ஒன்றிய அரசு 2025 மே 5 அன்று அறிவிக்கை செய்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை செலவை ஏற்கிறது. 112-இல் 7 என்பது 6.25 சதவீதம். மீதமுள்ள 105 நாள் எந்த அரசு அட்டவணையிலும் தனித் தலைப்பாக இல்லை. அந்த 105 நாளை யார் சுமக்கிறார்கள், என்ன விலையில் சுமக்கிறார்கள் என்பதே இங்குள்ள கேள்வி. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலிருந்து பைக்கில் கூலி வேலைக்குச் செல்லும் ஒருவரை வைத்து இந்தக் கணக்கைப் போடுகிறேன். அரசு வெளியிட்ட எண்களை அப்படியே தருகிறேன். நானாக வைத்துக்கொண்ட எண்களை அந்தந்த இடத்திலேயே அப்படிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மொத்த அளவு. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. இறந்தவர்கள் 1,68,491 பேர், காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். ஒருவர் இறந்தால் 2.6 பேர் காயத்தோடு பிழைத்திருக்கிறார்கள். 2023-இல் இறப்பு 1,72,890 ஆகவும் காயம் 4,62,825 ஆகவும் உயர்ந்தன. செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவது இறப்பு எண். வீட்டுக் கட்டிலில் மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள் இரண்டாவது எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அதே 2022-இல் 64,105 விபத்துகள். மாநிலங்களில் இதுவே முதலிடம், நாட்டின் மொத்தத்தில் 13.9 சதவீதம். இறப்பு 17,884; நாளொன்றுக்கு 49 பேர். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம், சாலை இறப்பில் பங்கு 10.6 சதவீதம். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் உள்ள கேரளத்தில் அதே ஆண்டு 43,910 விபத்துகள், 4,317 இறப்புகள். நூறு விபத்துக்கு இறப்பு என்று பார்த்தால் கேரளம் 9.8, தமிழ்நாடு 27.9, இந்தியா 36.5. சிறு விபத்துகளும் கேரளத்தில் அதிகம் பதிவாவது இந்த இடைவெளிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். முழுக் காரணமும் அதுதான் என்று சொல்ல எண்கள் போதாது. ஆனால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல் (மாநிலச் சராசரி 555) வாழும் இந்த மாவட்டத்துக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண் 9.8 தான் என்று நினைக்கிறேன். வீடும் கடையும் சாலையை ஒட்டியே நெருங்கி நிற்கும் அமைப்பில் இவ்விரு பகுதிகளுக்கும் பெரிய வேறுபாடில்லை.

2022-இல் இந்தியா முழுவதும் நேர்ந்த சாலை இறப்புகளில் இருசக்கர வாகனங்களின் பங்கு 44.5 சதவீதம்: 74,897 பேர். 2021-இல் 69,385 பேர். ஓராண்டில் 5,512 கூடியிருக்கிறது, அதாவது 7.9 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை, உலகச் சாலை இறப்புகளில் இரு, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளின் பங்கு 21 சதவீதம் என்கிறது. நம்முடையது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

மணவாளக்குறிச்சிக்குத் திரும்புவோம். இங்கிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், திருவனந்தபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். குளச்சல் அரசு மருத்துவமனை அருகில்தான்; ஆனால் தொடை எலும்பு முறிவுக்கும் தலைக்காயத்துக்கும் பெரும்பாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் ‘பொன்னான நேரம்’ என்று வரையறுப்பது காயம் ஏற்பட்டதிலிருந்து 1 மணி நேரம். 108 வண்டி வந்து சேர 15 நிமிடம், ஏற்றிப் படுக்கவைக்க 10 நிமிடம், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் செல்ல 30 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 55 நிமிடம். மிஞ்சுவது 5 நிமிடம். வழியிலுள்ள அம்மாண்டிவிளையிலோ வெள்ளிச்சந்தையிலோ நெரிசலில் சிக்கினால் அந்த ஐந்தும் இல்லை. அருகிலுள்ள மண்டைக்காடு கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நடக்கும் 10 நாளில் இந்தக் கணக்கே செல்லாது. ஆகவே விபத்தைப் பார்த்தவர் 108-ஐ அழைக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த 5-இலிருந்தே கழிகிறது.

அந்த முதல் அழைப்பைப் பெரும்பாலும் செய்பவர் பின்னால் வந்த இன்னொரு பைக்காரர். இந்த உண்மைக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. நம் சாலைகளில் அடுத்து வரும் வண்டி பெரும்பாலும் பைக்தான். ஆனால் அவர் நிற்கத் துணிவாரா என்பதற்கு எண் உண்டு. பியூஷ் திவாரி 2008-இல் டெல்லியில் தொடங்கிய சேவ்லைஃப் அறக்கட்டளை 2013-இல் நடத்திய ஆய்வில், அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற நிலையில் இருந்தவர்கள் 74 சதவீதம். அவர்களில் 88 சதவீதத்தினர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, நீதிமன்ற அலைச்சல். அந்த அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உதவுபவருக்குப் பாதுகாப்பு தரும் நெறிமுறைகளைச் சட்ட வலுவுள்ளவை ஆக்கியது. 2019 திருத்தத்தில் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாயிற்று: உதவியவர் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அவர் மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பும் இல்லை. 2018 ஆய்வில் உதவத் தயார் என்றவர்கள் 88 சதவீதம் ஆனார்கள். அதே ஆய்வில், இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியாதவர்கள் 84 சதவீதம். விருப்பம் வந்துவிட்டது, விவரம் போய்ச் சேரவில்லை.

பரிசுத் தொகையும் உண்டு. பொன்னான நேரத்துக்குள் கடும் காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்த்தவருக்கு 2021 அக்டோபர் 15 முதல் 5,000 ரூபாய், 2025 முதல் 25,000 ரூபாய். பலர் சேர்ந்து உதவியிருந்தால் சமமாகப் பிரியும். ஐந்து பேர் என்றால் தலைக்கு 5,000. இந்தப் பணத்துக்காக யாரும் வண்டியை நிறுத்தப்போவதில்லை. நிறுத்தியதால் ஒரு நாள் கூலியை இழந்தவருக்கு அது ஈடாகும், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அடிபட்டவரை இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோவது நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். முதுகுத்தண்டிலோ கழுத்திலோ முறிவு இருந்தால் அந்த 20 கிலோமீட்டர் பயணம் 112 நாளை வாழ்நாளாக மாற்றிவிடக்கூடும். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக் கூடாது. காலை நேராக்க முயலக் கூடாது. அசையாமல் வைத்து 108-க்குக் காத்திருப்பதே சரி. அதற்குள் சாலையில் வரும் வண்டிகளைத் திருப்பிவிடவும், ரத்தம் வடியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கவும் இரண்டு பைக்காரர்கள் போதும்.

அடுத்த எண் ரத்தம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் உண்டு. தொடை எலும்பு முறிந்தால், தோல் கிழியாமல் உள்ளுக்குள்ளேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை வெளியேறலாம். மொத்தத்தில் 20 முதல் 30 சதவீதம். இடுப்பெலும்பும் முறிந்திருந்தால் இழப்பு 2 லிட்டரைத் தாண்டலாம். கொடையில் எடுக்கும் ஓர் அலகு பொதுவாக 350 மில்லிலிட்டர். 1.4 லிட்டரை ஈடுசெய்ய 4 அலகு, அதாவது 4 பேர். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். 20 ஆண்கள் கொண்ட ஒரு பைக் நண்பர் குழுவால் ஆண்டுக்கு அதிகபட்சம் 80 அலகு, 28 லிட்டர் ரத்தம் கொடுக்க முடியும். சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கக்கூடிய காலம் 42 நாள், தட்டணுக்களை 5 நாள். ஆகவே ஒருவர் விழுந்த அன்று 20 பேரும் ரத்த வங்கி வாசலில் நிற்பதைவிட, மாதத்துக்கு ஆறேழு பேர் முறைவைத்துக் கொடுப்பது பயனுள்ளது. விபத்தன்று நோயாளிக்கு ஏற்றப்படுவது பெரும்பாலும் யாரோ முன்பே கொடுத்துச் சேமிப்பில் இருந்த ரத்தம்தான்.

மருத்துவமனைச் செலவில் அரசின் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 201 அரசு, 408 தனியார் என 609 மருத்துவமனைகள், 81 சிகிச்சை முறைகள், 1,00,000 ரூபாய் வரம்பு. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. அதற்குப் பின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர் அதில் வர மாட்டார். அவருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தே இருக்கிறது. கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சையின் செலவு இன்று ஒரு ஏழைக் குடும்பத்தை அழிப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அழிவு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பின் தொடங்குகிறது.

வீட்டுக் கணக்கு இது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2023-24-இல் நாள்கூலி 294 ரூபாய், 2024-25-இல் 319, 2025-26-இல் 336. வெளியே கட்டட வேலையில் கூலி இதைவிட அதிகம். இருந்தாலும் யாரும் மறுக்க முடியாத கீழ் எல்லையாக 336-ஐ வைக்கிறேன். 16 வாரம், வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 96 வேலை நாள். இழந்த கூலி 32,256 ரூபாய். முதல் 4 வாரம் துணைக்கு இருக்கும் மனைவியோ தாயோ 24 நாள் வேலைக்குப் போக முடியாது: 8,064 ரூபாய். மறுபரிசோதனைக்கு 4 முறை, பிசியோதெரபிக்கு 8 வாரத்தில் 24 முறை, ஆக 28 முறை நாகர்கோவில் போய் வர வேண்டும் என்று வைப்போம். வாக்கரோடு பேருந்தில் ஏற முடியாது, ஆட்டோதான். சென்னைக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தப் பழைய விகிதப்படி 20 கிலோமீட்டருக்கு 243.40 ரூபாய், போக வர 486.80. இன்று எந்த ஆட்டோவும் அந்தத் தொகைக்கு வராது என்பதை வாசகர் அறிவார். அப்படியும் 28 முறைக்கு 13,630 ரூபாய் ஆகிறது.

மூன்றையும் கூட்டினால் 53,950 ரூபாய்; 54,000 என்று வைத்துக்கொள்வோம். 336 ரூபாய்க் கூலியில் இது 160 நாள் உழைப்பு. நூறு நாள் வேலையை ஒரு நாள் விடாமல் செய்தாலும் ஆண்டுக்குக் கிடைப்பது 33,600 தான். ஆக, ஒரு ரூபாய்கூட மருத்துவக் கட்டணம் இல்லாத ஓர் எலும்பு முறிவின் விலை, நூறு நாள் வேலையின் ஒன்றரை ஆண்டு வருமானத்துக்கும் மேல். கொத்தனார் ஒருவரின் நாள்கூலியை 1,000 ரூபாய் என்று வைத்தால் இழந்த கூலி மட்டுமே 96,000. மருந்து, முட்டை, பால், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. நசுங்கிய பைக்குக்கு இன்னும் கட்ட வேண்டிய மாதத் தவணையும் இதில் இல்லை.

இந்தக் கீழ் எல்லைக் கணக்கு மிகையில்லை என்பதற்கு ஓர் ஆய்வு துணைநிற்கிறது. உலக வங்கியும் சேவ்லைஃப் அறக்கட்டளையும் உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய 4 மாநிலங்களில் நடத்தி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அந்த ஆய்வில், விபத்தைச் சந்தித்த குறைந்த வருமானக் குடும்பங்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வருமானம் குறைந்ததாகச் சொன்னார்கள். வருமானச் சரிவின் கடுமை கிராமப்புற ஏழைகளிடம் 56 சதவீதம், நகர்ப்புற ஏழைகளிடம் 29.5 சதவீதம். பெண்களில் 40 சதவீதத்தினருக்கு விபத்துக்குப் பின் தங்கள் வேலை முறையையே மாற்ற நேர்ந்தது. 11 சதவீதத்தினர் கூடுதல் வேலைக்குப் போனார்கள். ஆண் ஓட்டி விழுந்த விபத்தில் மறைந்திருக்கும் பெண்ணின் உழைப்பு இந்த 11-இலும் 40-இலும் மட்டுமே தெரிகிறது.

வண்டிக் காப்பீடு இதற்கு உதவாதா என்று பலர் கேட்கிறார்கள். 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் 2022 ஜூன் முதல் 714 ரூபாய், வரி நீங்கலாக. அது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. தானே சறுக்கி விழுந்த ஓட்டிக்கு அதில் கிடைப்பது 0. உரிமையாளர்–ஓட்டிக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018-இல் 15,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது நிர்ணயித்த பிரீமியம் 750 ரூபாய், நாளுக்கு 2 ரூபாய்க்குச் சற்று அதிகம். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 100 சதவீதம், ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண்ணை இழந்தால் 50 சதவீதம். 16 வாரத்தில் கூடிவிடும் எலும்புக்கு அதிலும் 0. சட்டம் கேட்கும் எல்லாக் காப்பீட்டையும் ஒழுங்காகக் கட்டியவருக்கும் இந்த 105 நாளில் வருமானம் என்று ஒன்றும் இல்லை.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி இதற்கு விலக்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தைப் பணிக்காயமாகக் கருதும் திருத்தம் 2010-இல் வந்தது. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டால் தற்காலிக இயலாமைக் காலம் முழுவதும் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். 15,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு மாதம் ஏறத்தாழ 13,500. நான்கு மாதத்துக்கு 54,000. கூலித் தொழிலாளியின் வீட்டில் விழுந்த பள்ளமும் அதே 54,000 தான். ஒரே சாலை, ஒரே குழி. ஒருவருக்கு இந்தத் தொகை உரிமை, மற்றவருக்கு இதுவே கடன்.

கடன் என்றால் எந்தக் கடன் என்பதில்தான் சக ஓட்டிகள் கணக்குக்குள் வருகிறார்கள். 54,000 ரூபாயை மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்க்கு வாங்கினால் மாத வட்டி 1,620, ஓராண்டில் 19,440. ஐந்து வட்டி என்றால் மாதம் 2,700, ஓராண்டில் 32,400. அசல் அப்படியே நிற்கும். அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. கால் உடைந்து படுத்திருப்பவர் அந்தச் சட்டத்தைத் தேடிப் போவது அரிது. இப்போது அதே 54,000-ஐ 20 பைக் நண்பர்கள் வட்டியில்லாக் கைமாற்றாகப் பிரித்துக் கொடுத்தால் தலைக்கு 2,700 ரூபாய். ஐந்து வட்டிக்காரர் ஒரு மாதத்தில் எடுத்துச் செல்லும் தொகை எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு நண்பர் ஒரு முறை தர வேண்டியது. அதுவும் திரும்ப வரும் பணம்.

விபத்து நடந்த பிறகு திரட்டுவதைவிட முன்பே சேர்த்து வைப்பது எளிது. 20 பேர், தலைக்கு மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000. 54,000 சேர 27 மாதம். மாதம் 225 ரூபாய் என்றால் 12 மாதம். 225 ரூபாய் என்பது ஏறத்தாழ 2.2 லிட்டர் பெட்ரோலின் விலை. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது 110 கிலோமீட்டர்: மணவாளக்குறிச்சிக்கும் நாகர்கோவிலுக்கும் மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகப் போய் வரும் தூரம்.

பணத்தைவிடப் பெரிய உதவி நேரம். அதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆண்கள் வார்டில் இரவுத் துணைக்கு ஆண்தான் வேண்டும் என்பது பல மருத்துவமனைகளில் நடைமுறை. 7 இரவு, இரவுக்கு 12 மணி நேரம்: 84 மணி. வீட்டுக்கு வந்த முதல் 28 நாளில் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, கழிப்பறைக்குக் கொண்டுபோக நாளுக்கு 2 மணி: 56 மணி. 28 மருத்துவமனைப் பயணங்களுக்கு முறைக்கு 3 மணி: 84 மணி. மொத்தம் 224 மணி நேரம். 8 மணி வேலை நாளாக மாற்றினால் 28 நாள். 336 ரூபாய்க் கூலியில் 9,408 ரூபாய் மதிப்பு. இதை மனைவி ஒருவரே செய்தால் அவருடைய ஒரு மாத வாழ்க்கை முழுதாகப் போய்விடும். 20 பேர் பகிர்ந்தால் தலைக்கு 11.2 மணி, 16 வாரத்தில் சராசரியாக வாரத்துக்கு 42 நிமிடம். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் பாதியைக்கூட இழக்க வேண்டியதில்லை. இந்த எண்ணைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல விரும்புகிறேன். உதவி செய்ய மனம் உள்ளவர்கள் முதல் வாரத்தில் திரளாக வருகிறார்கள். பழங்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். ஆறாவது வாரத்தில் தாழ்வாரம் காலியாகிவிடுகிறது. தேவையோ அதன் பிறகும் தொடர்கிறது. முறை போட்டுக்கொண்டால் யாருக்கும் சுமையாகாத அளவு அது. முறை போடாவிட்டால் ஒரு பெண்ணின் தலையில் முழுதாக விழும் அளவு.

செலவைக் குறைக்க அரசு தந்திருக்கும் இரண்டு வழிகளை நண்பர்கள் கேட்டுப் பெற்றுத் தரலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, 24 பயணங்களில் பாதியை வீட்டிலேயே முடிக்க முடிந்தால் 5,842 ரூபாய் மிச்சம். இரண்டாவது, 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மருத்துவமனையில் இருக்கும் கணவருக்குச் சோறு கொண்டுபோகும் பெண்ணின் பயணச் செலவு 0. இந்தச் சுழியம் சிறிய எண்ணாகத் தெரியலாம். 28 முறை ஆட்டோ பிடித்தவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போகலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். எலும்பு கூடியதென்று மருத்துவர் சொல்லும்வரை கூடாது. நண்பரின் பைக் அதுவரை மருந்து வாங்கவும், அறிக்கை வாங்கவும், துணைக்கு இருப்பவரை மாற்றிவிடவும் ஓடட்டும். அந்த வேலைகளுக்கு 40 கிலோமீட்டர் வீதம் 24 நடை போனால் 960 கிலோமீட்டர், 19.2 லிட்டர், லிட்டர் 102 ரூபாய் என்று கொண்டால் 1,958 ரூபாய். ஆட்டோவில் அதுவே 11,683. ஆறு மடங்கு வித்தியாசம்.

இன்னோர் எண்ணைத் தவறவிடுபவர்கள் அதிகம்: 6 மாதம். மற்றொரு வண்டி மோதி நடந்த விபத்தில் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப்போட, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி கால வரம்பு 6 மாதம், ஏறத்தாழ 182 நாள். 112 நாள் படுக்கையிலும் ஊன்றுகோலிலும் போனால் மிச்சம் 70 நாள். அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மோதிய வண்டியின் காப்பீட்டு விவரம், மருந்துச் சீட்டுகள், கூலிச் சான்று எல்லாம் சேர வேண்டும். மோதியவர் நிற்காமல் போய்விட்டால் தனித் திட்டம்: 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2,00,000 ரூபாய் (முன்பு 25,000), கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் (முன்பு 12,500). இந்த 50,000, நாம் போட்ட 54,000-இல் 92.6 சதவீதம். நான்கு மடங்கு உயர்ந்த இந்தத் தொகைக்கு மனுவே போடாமல் விடும் குடும்பம் நூறு நாள் வேலையின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வருமானத்தைக் கைவிடுகிறது. படுத்திருப்பவரால் அலைய முடியாது. காகித வேலையை ஒரே ஒரு நண்பர் முதல் வாரத்திலேயே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

பதினேழாவது வாரத்தில் அவர் மீண்டும் வண்டி எடுப்பார். வேறு வழியில்லை, வேலை இருக்கும் இடத்துக்குப் பேருந்து எல்லா நேரமும் கிடையாது. உலக வங்கி ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் விபத்துக்குப் பின் மன உளைச்சல் இருந்ததாகச் சொன்னார்கள். எதிரே லாரி வந்தால் கை நடுங்குவது கோழைத்தனம் இல்லை. முதல் சில நாள் ஒரு நண்பர் தன் வண்டியில் கூடவே வருவது மருந்துக்கு நிகர். விழுந்தபோது தலையில் இருந்த ஹெல்மெட்டை மீண்டும் போடக் கூடாது. ஒரு மோதலைத் தாங்கிய ஹெல்மெட் அடுத்ததைத் தாங்காது. 61 ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 2021-இல் 46,593, 2022-இல் 50,029. இரண்டாவது எண்ணில் ஓட்டியவர் 35,692, பின்னால் அமர்ந்தவர் 14,337. நூற்றுக்கு 29 பேர் வண்டியை ஓட்டவே இல்லை. 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாததற்கு அபராதம் 1,000 ரூபாய். அதே தொகைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் கிடைக்கும்.

மணவாளக்குறிச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சேர்ந்து வண்டி ஓட்டும் ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதி வைக்க வேண்டும்: ஒவ்வொருவரின் ரத்தப் பிரிவும் கடைசியாகக் கொடுத்த தேதியும், வீட்டில் அழைக்க வேண்டிய எண், தனிநபர் விபத்துக் காப்பீடு முடியும் தேதி, மாதம் 225 ரூபாய் கட்டிய விவரம். விபத்து நடந்த அன்றே அதன் கீழ் இரண்டு வரி சேரட்டும்: 16 வாரத்துக்கான முறைப்பட்டியல், மனுப்போட வேண்டிய கடைசித் தேதி. இந்த மாதமே தொடங்குங்கள்.